தீர்ந்த ஸ்பிரே டப்பா யார் பொறுப்பு?

ஆவுடையார்கோவில் வட்டாரத்துப் பட்டறைக்காரர்களுக்கு,

வெல்டிங் பட்டறை, டூவீலர் மெக்கானிக் கடை, டிங்கரிங் ஷெட், டிராக்டர் ரிப்பேர், நம்பர் பிளேட் கடை என்று ஆவுடையார்கோவிலிலும் அறந்தாங்கி, மீமிசல் சாலைகளிலும் தொழில் நடத்தும் உங்கள் எல்லாருக்கும் இந்த மடல். உங்கள் அலமாரியில் கறுப்பும் சில்வருமாக நிற்கும் ஸ்பிரே பெயிண்ட் டப்பாவைப் பற்றி எழுதுகிறேன். கேட்டில் வெல்டிங் பிடித்த இடத்தை மறைக்க, சைலன்சரின் துருவை மூட, கலப்பைக்குப் புது நிறம் கொடுக்க அதைவிட வசதியான பொருள் கிடையாது. பிரஷ் கழுவ வேண்டாம், கம்ப்ரஸர் ஓட்ட வேண்டாம், அரை மணியில் காய்ந்துவிடும். அந்த வசதியை விடச் சொல்லி இந்த மடலை எழுதவில்லை. தீர்ந்ததும் அந்த டப்பா எங்கே போகிறது என்பதுதான் என் கேள்வி. கடைக்குப் பின்னால் குவிகிறது, அல்லது குப்பையோடு போய் எரிகிறது, அல்லது பழைய இரும்போடு எடைக்குப் போகிறது. மூன்றுமே தவறான வழிகள். டப்பா பத்திரமான இடத்துக்குப் போய்ச் சேரும்வரை பெயிண்ட் வேலை முடிந்ததாகாது. அதற்கு ஆகும் செலவும் கூலியில் சேர வேண்டியதே. தனித்தனியாகச் செய்ய முடியாத இதை நீங்கள் எல்லாரும் சேர்ந்தால் செய்துவிடலாம் என்று நம்புவதால்தான் ஒருவருக்கு எழுதாமல் உங்கள் எல்லாருக்கும் எழுதுகிறேன்.

டப்பாவுக்குள் இருப்பது என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 1949இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் சிகமோர் என்ற சிற்றூரில் பெயிண்ட் தொழில் செய்த எட்வர்ட் சீமோர், ரேடியேட்டருக்கு அடிக்கும் அலுமினியப் பெயிண்டை ஸ்பிரேயாக அடைத்துப் பார்த்தார். யோசனை அவர் மனைவி பானி சொன்னது. இன்று உலகெங்கும் விற்கும் ஸ்பிரே பெயிண்டுக்கு அதுவே தொடக்கம். அந்தக் காலத்து ஸ்பிரே டப்பாக்களில் சரக்கை வெளியே தள்ளியது பெரும்பாலும் சி.எஃப்.சி. என்ற வாயு. அது தீப்பிடிக்காது, ஆனால் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று 1974இல் மொலினா, ரோலண்ட் என்ற இரண்டு விஞ்ஞானிகள் எச்சரித்தார்கள். 1987இல் மான்ட்ரியல் உடன்படிக்கை வந்தது, சி.எஃப்.சி. படிப்படியாக ஒழிந்தது. உலகத்துக்கு அது பெரிய நன்மை. ஆனால் அந்த இடத்துக்கு வந்தவை புரொப்பேன், பியூட்டேன், டைமெத்தில் ஈதர் போன்ற, பற்றி எரியும் வாயுக்கள். வீட்டுச் சமையல் சிலிண்டரில் இருப்பதும் ஏறக்குறைய இதே சரக்குதான். ஒரு வித்தியாசம் உண்டு. சமையல் கேஸ் கசிந்தால் மூக்குக்குத் தெரியட்டும் என்று மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளை அதில் கலக்கிறார்கள். ஸ்பிரே டப்பாவின் வாயுவில் அதைக் கலப்பதில்லை. அடிக்கும்போது மூக்கைத் துளைப்பது பெயிண்டில் உள்ள டொலுயின், சைலீன், அசிட்டோன் வாசனை. பெயிண்ட் தீர்ந்து வாயு மட்டும் கசிகிற டப்பா உங்களை எச்சரிக்காது.

தொடர்ந்து அடிக்கும்போது டப்பாவின் அடிப்பக்கம் சில்லென்று ஆகி, மேலே நீர் முத்து முத்தாகப் பூப்பதைக் கையில் உணர்ந்திருப்பீர்கள். உள்ளே அழுத்தத்தில் திரவமாக இருக்கும் வாயு ஆவியாகும்போது சூட்டை இழுத்துக்கொள்வதால் வரும் குளிர்ச்சி அது. குலுக்கினால் உள்ளே இருக்கும் குண்டு கடகடவென்று அடிக்கிறது, ஆனால் பெயிண்ட் வரவில்லை என்றால் டப்பா தீர்ந்தது என்று வீசிவிடுகிறோம். அந்த நிலையில் உள்ளே வெறும் 10 மில்லி திரவ வாயு மிச்சம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அது வெளியே வந்தால் சுமார் இரண்டரை லிட்டர் ஆவியாக விரியும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்குக்கும் குறைவாகப் பியூட்டேன் கலந்தாலே தீப்பொறி பட்டுப் பற்றும். அப்படிப் பார்த்தால் ஒரு டப்பாவின் மிச்சம் 120 லிட்டருக்கு மேற்பட்ட காற்றைத் தீப்பிடிக்கும் காற்றாக மாற்றிவிடும். 200 லிட்டர் டிரம் ஒன்றில் பாதிக்கு மேல். மூலையில் மூட்டையாகக் கிடக்கும் முப்பது நாற்பது டப்பாவுக்கு இந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். இன்னொன்றும் உண்டு. ஆத்மநாதர் சந்நிதியில் வடித்த சோற்றின் ஆவியே நைவேத்தியம் என்பது நம் ஊரின் பெருமை. அந்த ஆவி மேலே எழும். பியூட்டேன் ஆவியோ காற்றைப்போல் இரண்டு மடங்கு கனம். அது தரையோடு தவழ்ந்து, பணிக்குழியிலும் சாக்கடைப் பள்ளத்திலும் தங்கும். நீங்கள் நின்று வேலை செய்யும்போது முகத்துக்கு எட்டாது. கீழே உட்கார்ந்து கிரைண்டர் பிடிக்கும் பையனுக்குப் பக்கத்தில்தான் அது இருக்கும்.

இதெல்லாம் தாளில் போடும் கணக்குதானே என்று தோன்றலாம். 2018 டிசம்பர் 16 அன்று இரவு ஜப்பானின் சப்போரோ நகரில் நடந்ததைப் பாருங்கள். வாடகை வீடு பிடித்துக்கொடுக்கும் அலுவலகம் ஒன்றில், அறையின் நாற்றம் போக்கும் ஸ்பிரே டப்பாக்கள் தேங்கிக் கிடந்தன. அவற்றைக் கழித்துவிட வேண்டும் என்று ஊழியர்கள் 120 டப்பா அளவுக்கு அறைக்குள்ளேயே அழுத்தி வாயுவை வெளியேற்றினார்கள். பிறகு கை கழுவுவதற்காக வாட்டர் ஹீட்டரைப் போட்டார்கள். கட்டடமே வெடித்தது. பக்கத்தில் இருந்த உணவுக்கடை இடிந்து விழுந்தது. நாற்பதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். குப்பையில் போடும் முன் காலி செய்துவிடலாம் என்று நினைத்துத்தான் செய்தார்கள். அதை எங்கே செய்வது, எத்தனை டப்பாவை ஒரே நேரத்தில் செய்வது என்பதில்தான் பிழை. நம் பட்டறையில் ஹீட்டர் இல்லை. வெல்டிங் மெஷின் இருக்கிறது, கட்டிங் வீல் இருக்கிறது, பீடி இருக்கிறது, மதியம் டீ போடும் ஸ்டவ் இருக்கிறது.

எரிப்பதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்தில் குப்பை என்றாலே முடிவு நெருப்புதான். டப்பாவின் மேல் சின்ன எழுத்தில் 50 டிகிரிக்கு மேல் சூடேற விடாதே, தீர்ந்த பிறகும் துளைக்காதே, எரிக்காதே என்று அச்சிட்டிருக்கும். 20 டிகிரியில் இருந்த டப்பா 50 டிகிரிக்குப் போனால் உள்ளே அழுத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. சித்திரை வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய வண்டிக்குள் அந்தச் சூடு எளிதாக வந்துவிடும். தகரக் கூரைக்கு ஒட்டிய பரண் தட்டிலும் வரலாம். எரியும் குப்பையில் அதைப் போல் பல மடங்கு. 1982 ஜூன் 21இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் கேமார்ட் நிறுவனத்தின் 12 லட்சம் சதுர அடிக் கிடங்கு எரிந்தது. அடுக்கிலிருந்து விழுந்த பெட்டியில் இருந்த கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரே கசிந்து பற்றியதில் தொடங்கியது தீ. எரிந்தபடியே சீறிப் பறந்த டப்பாக்கள் ஒவ்வொரு பகுதியாகத் தீயைக் கொண்டுபோயின. தண்ணீர் தெளிக்கும் தானியங்கிக் குழாய்கள் இருந்தும் நிறுத்த முடியவில்லை. நம் ஊராட்சியில் குப்பையின் பக்கத்தில் நிற்பது தானியங்கிக் குழாய் இல்லை. வண்டி தள்ளி வரும் தூய்மைக் காவலர். பெரும்பாலும் பெண்கள். கையுறை இருக்கிற நாளும் உண்டு, இல்லாத நாளும் உண்டு. நீங்கள் போட்ட மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. தெரியாமல் அதைத் தூக்குகிறார்கள், தெரியாமல் அதன் அருகில் நெருப்பு வைக்கிறார்கள். இந்த மடலில் எனக்கு மிகவும் வலிக்கிற இடம் இதுதான். பெயிண்டின் லாபம் ஒரு கைக்கும், டப்பாவின் ஆபத்து குறைந்த கூலி வாங்கும் இன்னொரு கைக்கும் போவது நியாயமாக இருக்க முடியாது.

ஆணியால் ஒரு ஓட்டை போட்டு வாயுவை விட்டுவிட்டால் ஆபத்து தீர்ந்ததே என்று அனுபவசாலிகள் சிலர் சொல்வார்கள். பழைய இரும்புக் கடையிலும் அப்படித்தான் கேட்பார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. துளைத்து வடித்த டப்பா உண்மையிலேயே வெறும் தகரம்தான். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2019 டிசம்பரில் ஸ்பிரே டப்பாக்களைத் தனிக் கழிவு வகையில் சேர்த்தபோது, துளைத்து வடிக்கவும் அனுமதித்தது. ஆனால் அதற்கென்றே செய்த கருவியில்தான் துளைக்க வேண்டும், வெளிவரும் வாயுவையும் பெயிண்டையும் அந்தக் கருவி உள்ளேயே பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. சுத்தியலும் ஆணியும் அந்தக் கருவிக்கு ஈடாகாது. இரும்பும் இரும்பும் மோதினால் பொறி வரும். வருகிற அதே நொடியில் வாயுவும் வரும். பிடித்திருக்கும் கையும் குனிந்த முகமும் அங்கேயே இருக்கும். ஆகவே பட்டறையில் துளைக்கவே கூடாது என்பது என் முடிவு. பழைய இரும்புக்குப் போடுவதும் அப்படித்தான். ஒரு டப்பாவில் இருப்பது ஏறக்குறைய நூறு கிராம் தகரம். அதற்குக் கிடைக்கும் சில்லறைக்காக, அதை அமுக்கிச் சிப்பமாகக் கட்டும் இன்னொரு தொழிலாளியின் கையில் ஆபத்தைக் கொடுக்கிறோம்.

இத்தனை வருஷமாக ஒன்றும் ஆகவில்லையே என்பது அடுத்த மறுப்பு. இதை நான் லேசாகத் தள்ளவில்லை. தொழில் அறிவு என்பதே பார்த்ததிலிருந்து வருவதுதான். ஆனால் நம் பட்டறைகள் பெரும்பாலும் முன்பக்கம் திறந்த கொட்டகைகள். காற்று வந்து கலைத்துக்கொண்டே இருந்ததால்தான் இதுவரை ஒன்றும் ஆகவில்லை. மழைக்குத் தார்ப்பாய் இறக்கிய நாளில், ஷட்டரைப் பாதி மூடி இரவு வேலை பார்க்கும் நாளில், ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மெஷின், ஸ்டூல், டூல் பாக்ஸ் என்று எல்லாவற்றுக்கும் ஒரே மூச்சில் வண்ணம் அடிக்கும்போது அந்தக் காவல் இருக்காது. அதுவும் வெல்டிங் பட்டறையில் ஒருவர் ராடு பிடிக்க, பக்கத்திலேயே இன்னொருவர் முடிந்த கேட்டுக்கு ஸ்பிரே அடிப்பது சர்வசாதாரணம். ஸ்பிரே அடிக்கும் இடம் கொட்டகைக்கு வெளியே, காற்று வீசும் பக்கத்துக்கு முதுகு காட்டி, வெல்டிங்கும் கிரைண்டிங்கும் நிற்கிற நேரத்தில் என்று ஒரு பழக்கம் வந்தால் அதற்குக் காசு ஒன்றும் செலவில்லை.

நுரையீரல் விஷயம் இதைவிட மெதுவாக வரும், அதனால் அதைப் பேசுவதும் குறைவு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1989இலேயே பெயிண்டர் தொழிலைப் புற்றுநோய் உண்டாக்கும் தொழில்களின் முதல் வகையில் சேர்த்துவிட்டது. பிறகு மறு ஆய்வு செய்தும் அதை மாற்றவில்லை. பழகிவிட்டது, இப்போதெல்லாம் வாசனையே தெரிவதில்லை என்று சொல்பவர்கள் கவனிக்க வேண்டும்: சில நிமிஷத்தில் மூக்குதான் ஓய்ந்துபோகிறது; டொலுயின் உள்ளே போவது நிற்பதில்லை. துண்டைக் கட்டினாலும், மருத்துவமனை மாஸ்க் போட்டாலும் பெயிண்ட் துளிகள் ஓரளவு தடைபடும், ஆவி அப்படியே போகும். அதைப் பிடிக்கக் கரித்தூள் அடைத்த, மாற்றிக்கொள்ளும் வடிகட்டி உள்ள மாஸ்க் வேண்டும். ஈயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2017 நவம்பர் முதல் இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. அந்த விதி வீட்டுக்கும் அலங்காரத்துக்குமான பெயிண்டுகளுக்குத்தான். வண்டிக்கும் இயந்திரத்துக்கும் அடிக்கும் பெயிண்ட் அதில் வராது. உங்கள் கையில் இருப்பது பெரும்பாலும் இரண்டாவது வகை. கை கழுவாமல் சாப்பிட உட்காரும் பையனுக்கு இதைச் சொல்ல வேண்டியது மேஸ்திரிதான்.

கழிவைக் குறைக்கவும் ஒரு வழி உண்டு, அது எல்லாருக்கும் தெரிந்தும் பலர் செய்யாதது. வீசப்படும் டப்பாக்களில் மிக மோசமானது பாதி நிறைந்தது. டப்பாவின் ஸ்பிரே மூக்கு அடைத்துக்கொண்டதால் அது கழிக்கப்படுகிறது. உள்ளே பெயிண்டும் இருக்கிறது, முழு அழுத்தமும் இருக்கிறது. ஒவ்வொரு தடவை அடித்து முடித்ததும் வெளியே நின்று டப்பாவைத் தலைகீழாகப் பிடித்து, வெறும் வாயு வரும்வரை இரண்டு நொடி அழுத்தினால் மூக்கில் தங்கிய பெயிண்ட் வெளியேறிவிடும். அடுத்த மாதம் எடுத்தாலும் அடிக்கும். அடைத்துக்கொண்டால் மூக்கைக் கழற்றித் தின்னரில் ஊறப்போடலாம். டப்பாவில் மாட்டியபடியே ஊசியால் குத்தக் கூடாது. பெரிய கேட், முழு டிரெய்லர் என்றால் ஸ்பிரே டப்பாவே வேண்டாம். பிரஷோ கன்னோ செலவிலும் குறைவு, மிஞ்சுவதும் ஒரே ஒரு தகர டின்.

இனி சட்டம். 2016இல் மத்திய அரசு இரண்டு விதிகளைக் கொண்டுவந்தது. திடக்கழிவு விதிகள் வீட்டில் மிஞ்சும் பெயிண்ட் டப்பாவைக்கூட அபாயக் கழிவாக வகைப்படுத்தி, அதைத் தனியாகப் பிரிக்கச் சொல்லின. நகரங்களில் 20 சதுர கிலோமீட்டருக்கு ஒன்று என்று அதற்குச் சேகரிப்பு மையம் அமைக்கவும் சொல்லின. அபாயக் கழிவு விதிகளின் முதல் அட்டவணை, தொழிலிடத்தில் அபாய ரசாயனம் பட்ட காலிக் கலன்களைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. ஆனால் சேகரிப்பு மையம் என்ற ஏற்பாடு நகரத்தை மனதில் வைத்து எழுதியது, ஆவுடையார்கோவிலோ ஊராட்சி. கழிவைப் பத்திரமாக ஒழிக்கும் ஆலைகளில் ஒன்று கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருக்கிறது, இங்கிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர். அரசாங்கமே வழி செய்யவில்லை, நாங்கள் என்ன செய்வது என்று நீங்கள் கேட்டால் அந்தக் கேள்வி முழுக்க நியாயமானது. மாதம் பத்து டப்பா தீர்க்கும் ஒரு கடைக்காரர் அவற்றைத் தூக்கிக்கொண்டு கும்மிடிப்பூண்டி போக முடியாது. ஆனால் மனு கொடுக்கவும் வாகனம் கேட்கவும் முதலில் கையில் சரக்கு சேர்ந்திருக்க வேண்டும். ஆளுக்குப் பத்தாகச் சிதறிக் கிடப்பது யார் கண்ணிலும் படாது. நாற்பது கடையின் டப்பா ஓரிடத்தில் கணக்கோடு சேர்ந்திருந்தால் ஊராட்சி ஒன்றியமும் மாசு கட்டுப்பாட்டு வாரியமும் அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

ஆகவே நான் கேட்பது இது. கடைத்தெருவிலிருந்து தள்ளி, வெயிலும் மழையும் படாத, நாலு பக்கமும் காற்றோடும் ஓர் இடம். வாய் இறுக மூடாத, மேலும் கீழும் துளையிட்ட இரும்பு டிரம் இரண்டு. ஒன்று தீர்ந்த டப்பாவுக்கு, இன்னொன்று அடைத்துப்போய்ப் பாதியில் நின்றவற்றுக்கு. எந்தக் கடை எத்தனை போட்டது என்று எழுத ஒரு நோட்டு. எண்ணெய்த் துணியும் தின்னர் டின்னும் அந்தப் பக்கமே வரக் கூடாது. ஒரு டப்பா இருநூறு, முந்நூறு ரூபாய் விற்கிறது. அதன் மேல் ஐந்து ரூபாயை வேலைக் கூலியில் சேர்த்துத் தனியாக எடுத்து வைத்தால் டிரம்முக்கும், ஒரு நல்ல மாஸ்க்குக்கும், வருஷத்துக்கு ஒரு தடவை வண்டி வாடகையில் ஒரு பங்குக்கும் அது ஆகும். வாடிக்கையாளர் முகம் சுளிப்பார் என்று ஒரு கடை மட்டும் ஏற்றினால் பயப்படலாம். எல்லாக் கடையும் ஏற்றினால் அது விலை, அவ்வளவுதான். பெயிண்ட் விற்கும் ஹார்டுவேர் கடைக்காரர்களும் இதில் சேர வேண்டும். லாபத்தில் அவர்கள் பங்கு உங்களுடையதைவிடக் குறைவில்லை. இந்த ஏற்பாடு வரும்வரை டப்பா குப்பை வண்டியில் ஏறாமல் இருக்கட்டும். ஏறித்தான் ஆக வேண்டும் என்றால் வெளிப்படையாக, தனிப் பையில், தூய்மைக் காவலரிடம் வாயால் சொல்லிக் கொடுங்கள்.

அக்டோபர் 2ஆம் தேதி கிராம சபை கூடும். தப்பினால் நவம்பர் 1ஆம் தேதி மறுபடி கூடும். வழக்கமாக அந்தக் கூட்டத்துக்குப் பட்டறைக்காரர்கள் போவது குறைவு, வேலை நேரம் என்பதால். இந்த ஒரு தடவை கடைக்கு ஒருவராக வாருங்கள். டிரம் வைக்க இடம் ஒதுக்க வேண்டும், ஸ்பிரே டப்பாவைக் குப்பையோடு எரிக்கக் கூடாது, தூய்மைக் காவலர்களுக்கு அதை அடையாளம் காட்டிப் பயிற்சி தர வேண்டும், சேர்ந்ததை எடுத்துப்போக மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஊராட்சியே எழுத வேண்டும் என்று நான்கு வரித் தீர்மானம் போதும். தீர்மான நகலை எடுத்துக்கொண்டு அடுத்த திங்கட்கிழமை புதுக்கோட்டை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுக்கலாம். நோட்டில் அதற்குள் ஏறியிருக்கும் டப்பாக் கணக்கையும் அந்த மனுவோடு சேர்த்துக் கொடுங்கள்.